கால்பந்தில் தேசபக்தியா? கிளப் பக்தியா?

கால்பந்து ஆட்டத்தில் ஒருவனுடைய விசுவாசம் முதலாவது அவனுடைய கிளப்புக்கு உரியதா, அல்லது தேசத்தின் பேரால் ஆடும் அணிக்கு உரியதா என்கின்ற ஒரு வாதம் இப்பொழுது பலமாக நடந்து வருகின்றது. கொடைரோட்டில் ரயிலுக்குக் காத்திருக்கும் வாலிபர்களும், நிலக்கோட்டைக்குப் பூ மூட்டை ஏற்றிவிட்டு டீக்கடையில் உட்காரும் பிள்ளைகளும் கூட இதைப் பற்றி இரைந்து பேசிக்கொள்ளுகின்றார்கள். ஒருவன் "நாடுதான் முதல்" என்கின்றான். மற்றொருவன் "கிளப் சோறு போடுகிறது, நாடு என்ன போடுகிறது?" என்கின்றான். பேச்சு முற்றினால் ஒருவன் மற்றவனைத் துரோகி என்கின்றான்.

பந்தாட்டத்தைப் பற்றி ஒரு பகுத்தறிவுப் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். விசுவாசம், பக்தி, துரோகம் என்கின்ற வார்த்தைகள் எங்கே புழங்குகின்றனவோ அங்கெல்லாம் நமக்கு வேலை உண்டு என்பதே நமது சமாதானம். ஏனெனில் இவ்வார்த்தைகள் வருகின்ற இடத்தில்தான் மனிதன் யோசிப்பதை நிறுத்திவிட்டுக் கும்பிட ஆரம்பிக்கின்றான். அவன் கும்பிடுகின்ற நேரத்தில் வேறொருவன் அவன் மடியில் கை வைக்கின்றான். இது கோயிலில் நடந்தாலும் ஒன்றுதான், பந்தாட்ட மைதானத்தில் நடந்தாலும் ஒன்றுதான்.

இந்தச் சண்டை கிளம்பியதற்குக் காரணமான சம்பவத்தை முதலில் பார்ப்போம். 2025-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி தஜிகிஸ்தான் தேசத்தில் மத்திய ஆசிய நேஷன்ஸ் கோப்பைப் போட்டி ஆரம்பமாயிற்று. அதற்கு இந்திய அணியை அனுப்புவதற்காக அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தார் பல கிளப்புகளிலிருந்தும் ஆட்டக்காரர்களைக் கேட்டார்கள். கல்கத்தாவின் மோகன் பகான் கிளப் தன் ஆட்டக்காரர்களை அனுப்ப மறுத்துவிட்டது. உலகக் கால்பந்து சம்மேளனமாகிய ஃபீஃபா, தேச அணிகளுக்காக ஒதுக்கிய நாட்கள் செப்டம்பர் 1 முதல் 9 வரைதான். அதற்கு முன்னதாக ஆட்டக்காரனை விட்டுக் கொடுக்க வேண்டுமென்று கிளப்புக்குக் கட்டாயமில்லை. தேச அணிக்குப் போய்க் காயம்பட்டுத் திரும்புகின்றவனுக்கு யார் பொறுப்பு என்கின்ற வழக்கும் அதில் இருந்தது. ஆனாலும் உடனே கூச்சல் கிளம்பிற்று. தேசபக்தி இல்லாத கிளப் என்று பலர் வைதார்கள். அந்தக் கிளப்பின் ஆட்கள் இல்லாமலே இந்திய அணி போய், தஜிகிஸ்தானை வென்று, ஈரானிடம் தோற்று, கடைசியில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாமிடம் பெற்றுத் திரும்பிற்று. வசவு மட்டும் நின்றபாடில்லை.

இப்பொழுது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இதே மோகன் பகான் கிளப்தான் 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி கல்கத்தாவில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்னும் வெள்ளைக்காரப் பட்டாள அணியை 2-1 என்று தோற்கடித்து ஷீல்டு வாங்கியது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். அன்றைக்கு இந்தியாவுக்கு ஒரு தேச அணியும் இல்லை, சம்மேளனமும் இல்லை. அகில இந்தியச் சம்மேளனம் பிறந்ததே 1937-ல்தான். எனவே அன்று அந்தக் கிளப்பையே தேசம் என்றார்கள். அது கோல் போட்டால் தேசம் கோல் போட்டது என்றார்கள். 114 வருஷம் கழித்து, அதே கிளப்பைத் தேசத்துக்கு விரோதி என்கின்றார்கள். கிளப் மாறிவிட்டதா? அது மாறியிருப்பது வேறு விஷயம், அதைப் பின்னால் சொல்லுகின்றோம். முக்கியமாக மாறியது எது என்றால், தேசம் என்கின்ற பெயரைச் சொல்லி உத்தரவு போடும் உரிமை யார் கையில் இருக்கின்றது என்பதேயாகும். அன்று அது ஜனங்களின் வாயில் இருந்தது. இன்று ஒரு ஆபீசில் இருக்கின்றது.

அந்த ஆபீஸ் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டாமா?

2022 மே மாதத்தில், பதவிக் காலம் முடிந்தும் தேர்தல் நடத்தாமலிருந்த சம்மேளன நிர்வாகத்தைச் சுப்ரீம் கோர்ட்டார் நீக்கி, ஒரு கமிட்டியை வைத்தார்கள். வெளியார் தலையிட்டார்கள் என்று சொல்லி ஃபீஃபா அவ்வருஷம் ஆகஸ்டு மாத மத்தியில் இந்தியச் சம்மேளனத்தைத் தள்ளி வைத்தது. தள்ளி வைத்தது பத்துப் பன்னிரண்டு நாள்தான். 26-ந் தேதி தடை நீங்கிவிட்டது. ஆனால் அந்தச் சில நாட்களுக்குள் யார் தலையில் இடி விழுந்தது? கேரளத்தின் கோகுலம் கிளப்பைச் சேர்ந்த பெண்கள் அணி ஆசியக் கிளப் போட்டியில் ஆடுவதற்காக அப்பொழுதுதான் உஸ்பெகிஸ்தானில் தாஷ்கெண்ட் நகரத்தில் போய் இறங்கியிருந்தது. இந்தியப் பெண்கள் லீக்கை வென்று, தங்கள் காலின் பலத்தினால் அந்த இடத்தைப் பெற்ற பெண்கள் அவர்கள். நாற்காலியை விடாத பெரிய மனிதர்கள் செய்த காரியத்துக்காக, பந்தைத் தொடாமலேயே திரும்பி வந்தார்கள். தேச அணிக்கு ஆள் அனுப்பாத கிளப் துரோகி என்றால், கிளப்பின் பெண்களை நடுத்தெருவில் நிறுத்திய தேசச் சம்மேளனத்துக்கு என்ன பெயர்? இதை மட்டும் ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

பிறகு 2022 செப்டம்பர் 2-ந் தேதி தேர்தல் நடந்தது. தேச அணிக்குப் பல வருஷம் தலைவனாக இருந்த பாய்ச்சுங் பூட்டியா தலைவர் பதவிக்கு நின்றார். அவருக்குக் கிடைத்த ஓட்டு ஒன்று. எதிர்த்து நின்ற கல்யாண் சௌபேக்குக் கிடைத்தது முப்பத்து மூன்று. ஓட்டுப் போட்டவர்கள் மாகாணச் சங்கங்களின் பிரதிநிதிகள். நீலச் சட்டை போட்டுக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகின்ற லட்சக்கணக்கான ஜனங்களில் ஒருவருக்கும் ஓட்டுக் கிடையாது. கோயிலுக்கு உண்டியலில் காசு போடுகிறவனுக்குத் தர்மகர்த்தாவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதது போலத்தான் இதுவும்.

இதை விட மோசமானதொன்று உண்டு. 2023 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. 2022 ஜூன் மாதம் ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டங்களுக்கு முன்னால், அப்போதைய பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச், ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலை டெல்லிப் பக்கத்து ஜோசியர் ஒருவருக்கு அனுப்பி, யாருக்கு அன்றைய தினம் நல்ல நாள், யாருக்குக் கெட்ட நாள் என்று யோசனை கேட்டதாகவும், அந்த ஜோசியரை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் சம்மேளனத்தின் காரியதரிசியே என்றும், இதற்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுக்கப்பட்டதாகவும் அச்செய்தி கூறிற்று. தோழர்களே! யோசித்துப் பாருங்கள். பதினைந்து வருஷம் வெயிலிலும் மழையிலும் ஓடிப் பழகிய ஒருவன் ஆடுவதா, உட்காருவதா என்பதை, பந்தை உதைத்தறியாத ஒருவன் நட்சத்திரத்தைப் பார்த்துச் சொல்லுவதாம்! கிளப்புக்காரன் ஆள் அனுப்பாவிட்டால் தேசத்துக்கு அவமானம் என்கின்றவர்கள், ஜாதகம் பார்த்து ஆள் எடுப்பதில் தேசத்துக்கு என்ன பெருமை கண்டார்கள்? ஜோசியனுக்கு உண்மையிலேயே தெரியுமானால் பயிற்சியாளர் எதற்கு? பயிற்சி எதற்கு? பந்துதான் எதற்கு? இரண்டு ஜோசியர்களை எதிர் எதிராக உட்கார வைத்துக் கோல் கணக்கை எழுதி வாங்கிக்கொண்டு போய்விடலாமே.

நிற்க. "தேசத்துக்குத்தான் முதல் விசுவாசம்" என்பவர்கள் சொல்லுகின்ற பெரிய காரணம், தேசம் பிறவியிலேயே வந்தது, கிளப் பிறகு வந்தது என்பது. பிறவியினால் வருகின்ற பெருமை எப்படிப்பட்டது என்று நமது வாசகர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எந்த வயிற்றில் பிறந்தான் என்பதைக் கொண்டு ஒருவனை உயர்த்துவதும் தாழ்த்துவதும் எந்த ஞாயத்தின் மேல் நிற்கின்றதோ, அதே ஞாயத்தின் மேல்தான் எந்த எல்லைக்குள் பிறந்தான் என்பதைக் கொண்டு அவன் மனதுக்கு விலங்கு போடுவதும் நிற்கின்றது.

அதுவுமன்றி, கால்பந்தில் தேசம் என்பது பிறவியினால் வருவதாகவாவது இருக்கின்றதா? 2010-ம் வருஷத்து உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கும் கானாவுக்கும் ஆட்டம் நடந்தது. ஜெர்மனிக்கு ஜெரோம் போவாடெங் ஆடினார். கானாவுக்கு கெவின்-பிரின்ஸ் போவாடெங் ஆடினார். இருவரும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள். பிறந்த ஊரும் ஒரே பெர்லின்தான். அண்ணனுக்கு ஒரு தேசம், தம்பிக்கு ஒரு தேசம். இங்கேயே, ஆஸ்திரேலியாவில் பிறந்து பெங்களூர் கிளப்பில் ஆடிவந்த ரையன் வில்லியம்ஸ் 2025-ல் தமது நாட்டுப் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு இந்தியர் ஆனார். அவரைத் தப்பென்று நாம் சொல்லவில்லை. அவருக்கு அது இஷ்டம், தாராளமாகச் செய்யட்டும். ஆனால் கிளப் மாறுவது போல் தேசமும் மாறிக்கொள்ளக் கூடியதுதான் என்று ஏற்பட்ட பிறகு, அது மாத்திரம் தெய்வீகமானது, மற்றது வியாபாரம் என்று பேசுவது எப்படிப் பொருந்தும்?

ஜனங்களுடைய நடத்தையையும் பாருங்கள். 2022-ல் கோழிக்கோட்டுக்கு அருகே புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் பனை உயரத்தில் உருவம் செய்து நிறுத்தினார்கள். அர்ஜெண்டினா எங்கே, புள்ளாவூர் எங்கே? பிறந்த தேசத்தின் அணி உலகக் கோப்பை ஆட்டத்தில் ஒரு தடவை கூட ஆடியதில்லை. ஆகவே இரவல் தேசம் வாங்கிக்கொண்டார்கள். ஆட்டத்தின் அழகுக்காக யாரையும் ரசிக்கலாம். அந்த ரசனைக்குத் தேசபக்தி என்கின்ற பெயர் மாத்திரம் பொருந்தாது.

இவ்வளவும் சொன்னதனால், அப்படியானால் கிளப்பே தெய்வம் என்று நாம் சொல்லப் போவதாக யாரும் எண்ண வேண்டாம். ஒரு சாமியை இறக்கிவிட்டு அந்தப் பீடத்தில் இன்னொரு சாமியை ஏற்றுவது பகுத்தறிவாகாது.

கிளப் பக்தி என்ன செய்யும் என்பதற்கு 1980-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதியே சாட்சி. அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் நடந்த ஆட்டத்தில் ரசிகர்களுக்குள் கலகம் மூண்டு பதினாறு பேர் செத்தார்கள். ஒரு பந்துக்காகப் பதினாறு வீட்டில் இழவு. தேச பக்திக்கு உதாரணம் வேண்டுமானால் கொலம்பியாவின் ஆந்திரேஸ் எஸ்கோபார் இருக்கின்றார். 1994-ம் வருஷத்து உலகக் கோப்பையில் தவறுதலாகத் தன் பக்கத்துக் கோலுக்குள் பந்தைத் தள்ளிவிட்டு ஊர் திரும்பியவர், ஜூலை 2-ந் தேதி மெடெயின் நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பக்திக்கும் பலி கொடுத்தாகிவிட்டது.

மேலும் இன்றைய பெரிய கிளப்புகள் ரசிகர்களுடைய சொத்தா? 2020-ல் மோகன் பகானின் கால்பந்து உரிமையில் 80 சதவிகிதத்தை ஒரு வியாபாரக் குழுவினர் வாங்கிக்கொண்டு, தாங்கள் வைத்திருந்த வேறொரு கிளப்பின் பெயரையும் அதன் முன்னால் ஒட்டவைத்தார்கள். ஏறக்குறைய மூன்று வருஷம் ரசிகர்கள் கத்திக் கிளர்ச்சி செய்த பிறகே 2023-ல் அந்தப் பெயர் நீங்கிற்று. அப்பொழுதும் "சூப்பர் ஜெயண்ட்" என்னும் முதலாளியின் முத்திரை ஒட்டிக்கொண்டது. வெறுங்காலோடு ஆடியவர்களின் கிளப் மாறியது என்று நாம் முன்னே சொன்னது இதைத்தான். நமது சென்னைக் கதையும் அதிகம் வித்தியாசப்பட்டதல்ல. இரண்டு தடவை பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி. கிளப், லீக் ஆட்டம் நடக்குமா நடக்காதா என்று நிச்சயமில்லாமற் போனதால் 2025 ஆகஸ்டில் தன் வேலைகளை நிறுத்தி வைத்தது. பெங்களூர் கிளப் சம்பளத்தை நிறுத்தியது. சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ந் தேதியோடு முடிந்துபோயிற்று. மறுபடி பந்து உருண்டது 2026 பிப்ரவரியில்தான், அதுவும் சுருக்கப்பட்ட லீக்காக.

ஒப்பந்தம் முடிந்து ஐந்தாம் நாள், டிசம்பர் 13-ந் தேதி, மெஸ்ஸி கல்கத்தாவுக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் மைதானத்தில் கூடினார்கள். அவரைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் மொய்த்துக்கொண்டதால் தரிசனம் சரியாகக் கிடைக்கவில்லை. அவர் சிறிது நேரத்தில் போய்விட்டார். ஆத்திரமடைந்தவர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். தேசத்தின் ஆட்டக்காரர்கள் வேலையில்லாமல் வீட்டில் இருக்கையில், விருந்தாளியின் தரிசனத்துக்குப் பணம்! தேர்ச்சக்கரம் உடைந்து கிடக்கும்போது வாணவேடிக்கைக்கு வசூல் செய்தது போல.

இவ்வளவு சண்டையிலும் ஒருவருடைய கண்ணுக்கும் படாத ஆசாமி ஒருவன் உண்டு. அவன்தான் ஆட்டக்காரன். கிளப்புக்காரன் "என் ஆள்" என்கின்றான். சம்மேளனத்தான் "என் ஆள்" என்கின்றான். இரண்டு பண்ணையார்கள் ஒரு மாட்டுக்காகத் தகராறு செய்வதுபோல இருக்கின்றதே தவிர, அவன் கால் ஒடிந்தால் அவன் பெண்டு பிள்ளைகள் கதி என்ன என்று கேட்பார் இல்லை. ஆட்டக்காரனுக்குப் பதினைந்து வருஷந்தான் ஆயுள். முப்பத்தைந்து வயதில் அவன் கிழவன். அவன் முழங்காலே அவனுக்கு நிலபுலம்.

ஐரோப்பாவிலும் ஆட்டக்காரன் மனிதன் என்று ஒப்புக்கொள்ள வைப்பதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பெல்ஜியத்தில் ஜான்-மார்க் போஸ்மான் என்பவர், ஒப்பந்தம் முடிந்த பிறகும் தன்னை வேறு கிளப்புக்குப் போகவிடாமல் பணம் கேட்டு மறித்தார்கள் என்று வழக்காடினார். 1995 டிசம்பர் 15-ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புக் கூறிற்று. ஆட்டக்காரன் கிளப்பின் அடிமையல்ல என்று அன்றைக்கு ஏற்பட்டது. அதே பெல்ஜியத்தில் ஷார்லெருவா கிளப்பைச் சேர்ந்த ஊல்மெர் என்பவர் 2004-ல் மொராக்கோ தேச அணிக்காக ஆடப் போய்க் காயம்பட்டுப் பல மாதம் படுத்துவிட்டார். சம்பளம் கொடுத்தது கிளப், ஆடவைத்தது தேசம், நஷ்டம் யார் தலையில்? கிளப் வழக்குப் போட்டது. 2008-ல் சமாதானம் ஏற்பட்டு, தேச அணிகளுக்கு ஆள் அனுப்பும் கிளப்புகளுக்குப் பணம் கொடுக்க ஃபீஃபா இணங்கிற்று. 2022-ம் வருஷத்து உலகக் கோப்பைக்கு மாத்திரம் கிளப்புகளுக்கு ஒதுக்கிய தொகை 20 கோடியே 90 லட்சம் டாலர். ஆகவே உலகத்தில் தேசமா கிளப்பா என்கின்ற தகராறு எங்கே தீர்ந்திருக்கின்றதோ, அங்கே பாட்டுப் பாடித் தீரவில்லை. தேதி குறித்து, கூலி பேசி, காயத்துக்கு ஈடு கட்டித்தான் தீர்ந்திருக்கின்றது. நமது நாட்டிலோ "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று அள்ளிக்கொண்டு, தடுத்தால் தேசத்துரோகி என்கின்றார்கள்.

2023-ம் வருஷத்து ஆசிய விளையாட்டில் நடந்ததும் இதுவேதான். போட்டி ஃபீஃபா நாட்களில் இல்லை. இங்கே லீக் செப்டம்பர் 21-ந் தேதி ஆரம்பம். கிளப்புகள் மறுத்தன. இரு தரப்பாரும் உட்கார்ந்து பேசி முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்திருக்கலாம். செய்யவில்லை. கடைசி நேரத்தில் கிடைத்தவர்களைச் சேர்த்து அனுப்பினார்கள். 18-ந் தேதி மாலை சீனாவில் ஹாங்சோ நகரத்தில் போய் இறங்கியவர்கள், சரியாகத் தூங்கக்கூட இடமில்லாமல், 19-ந் தேதி சீனாவுடன் ஆடி 1-5 என்று தோற்றார்கள். முப்பத்தொன்பது வயதில் சுனில் சேத்ரி ஓடினார். வெட்கம் அவருக்கா, அல்லது அவரை அப்படி ஓட வைத்தவர்களுக்கா?

"அப்படியானால் 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் வந்ததும் தேச அணி இல்லையா? அந்தப் பெருமை உங்களுக்கு வேண்டாமா?" என்று சிலர் மடக்குவார்கள். வேண்டும். அது நல்ல ஆட்டம், அதைச் சொல்லி மகிழ நமக்கும் ஆட்சேபணையில்லை. ஆனால் அந்த அணி வானத்திலிருந்து குதித்ததா? அதற்குப் பயிற்சி கொடுத்த சையத் அப்துல் ரஹீம் ஐதராபாத் போலீஸ் அணியை உருவாக்கியவர். 1962 ஜகார்த்தா அணியின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ், மதராஸ் ரெஜிமெண்ட் சென்டர் அணியில் ஆடிப் புகழ்பெற்றவர். கல்கத்தாவின் கிளப்புகளும் ஐதராபாத்தின் போலீசும் பட்டாளத்து அணிகளும் வருஷக்கணக்கில் சோறு போட்டு, பூட்ஸ் கொடுத்து, ஆட வைத்த பிறகுதான் தேச அணி என்று பதினொரு பேரைப் பொறுக்க முடிந்தது. வேருக்குத் தண்ணீர் ஊற்றாதவன் கனிக்கு மட்டும் கொடி பிடிப்பது என்ன யோக்கியதை? கிளப்புகள் செழித்த காலத்தில் தேச அணி ஜெயித்தது. லீக் நடக்குமா என்றே தெரியாமலிருந்த 2025-ல், ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறாமல், நவம்பர் 18-ந் தேதி டாக்காவில் வங்காள தேசத்திடமும் 0-1 என்று தோற்றது. தேசபக்தி குறைந்ததனாலா தோற்றது? ஆட்டமில்லாமற் போனதனால் தோற்றது.

ஆகவே நமது அபிப்பிராயம் என்னவென்று கேட்டால், மறைக்காமல் சொல்லுகின்றோம். விசுவாசம் முதலில் கிளப்புக்குத்தான். ஆனால் எந்தக் கிளப்? ஒருவன் இஷ்டப்பட்டுச் சேரக்கூடியதும், சந்தா கொடுத்து வரவுசெலவு கேட்கக்கூடியதும், பிடிக்காவிட்டால் ஒருவருடைய வசவுக்கும் பயப்படாமல் விலகக்கூடியதுமான கிளப். சேருவது, கேட்பது, விலகுவது என்கின்ற இந்த மூன்று உரிமையும் எங்கே உண்டோ அங்கேதான் மானமுள்ள மனிதன் விசுவாசம் வைக்க முடியும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் வைப்பதற்குப் பெயர் பக்தி. இந்தச் சோதனையில் இன்றைய தேசச் சம்மேளனமும் தேறாது. பங்கு வாங்கிய முதலாளியின் கிளப்பும் தேறாது. தேறுகின்ற கிளப்பை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்குக் கல்கத்தா போக வேண்டியதில்லை. அம்மையநாயக்கனூரையும் நிலக்கோட்டையையும் சுற்றியுள்ள நமது கிராமங்களையே எடுத்துக்கொள்ளுவோம். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் போட்டி நடத்துகின்றார்கள். அணிகளில் பலவும் தெருவைக் கொண்டு ஏற்பட்டவை. தெரு என்றால் நமது நாட்டில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மேலத்தெருப் பையன் கீழத்தெரு அணியில் ஆட மாட்டான். ஆடினால் வீட்டில் சோறு இல்லை. இவர்களே மறுநாள் "நாமெல்லோரும் இந்தியர்" என்று நீலச் சட்டை போட்டுக்கொண்டு டெலிவிஷன் முன்னால் உட்காருகின்றார்கள். ஒரே மைதானத்தில் ஒரே பானைத் தண்ணீரைக் குடிக்க முடியாதவர்களுக்கு ஒரே தேசத்தின்மேல் என்ன விசுவாசம் இருக்க முடியும்? இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே சட்டை போட்டு ஆடுகின்ற ஒரு சின்னக் கிளப், நூறு தேசபக்திப் பிரசங்கங்களைக் காட்டிலும் அதிக வேலை செய்யும்.

பெண்கள் விஷயமும் அப்படியே. மதுரையைச் சேர்ந்த சேது கிளப்பின் பெண்கள் 2019 மே மாதத்தில் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டம் வாங்கினார்கள். கொடைரோட்டிலிருந்து மதுரை எவ்வளவு தூரம்? ரயிலேறினால் ஒரு மணி நேரமில்லை. நம்மில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டோம்? கடலூரில் பிறந்து இந்திய அணிக்காக ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழ்நாட்டுப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர்; 2020-ல் கொரோனா காலத்தில் சென்னை வீதிகளில் காவல் வேலை பார்த்தவர். தேசத்துக்காக ஆடுகின்ற பெண்ணின் வயிற்றுக்கு உத்தியோகம் வேறாக வேண்டியிருக்கின்றது. நமது ஊர்களில் பன்னிரண்டு வயது ஆனதும் பெண்பிள்ளையை மைதானத்திலிருந்து வீட்டுக்குள் இழுத்துவிடுகின்றோம். பாதி ஜனத்தொகையை அடுப்படியில் பூட்டிவைத்துவிட்டுத் தேசம் ஜெயிக்கவில்லையே என்று அழுவது எதற்கு?

எனவே வாலிபத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது: ஊருக்கு ஒரு கிளப் வையுங்கள். அதற்குத் தெருப்பெயரோ ஜாதிப்பெயரோ சாமிப்பெயரோ வைக்காதீர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சந்தா, ஒரே மைதானம் என்று எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை வரவுசெலவை எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். ஆட்டத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கிற காசில் கட்டுப்போடும் துணியும் மருந்தும் வாங்கி வையுங்கள். காயம்பட்டவனுக்குத் தேங்காய் உதவாது, கட்டுத்துணி உதவும். உங்கள் கிளப்பிலிருந்து ஒருவனோ ஒருத்தியோ மாகாணத்துக்கோ தேசத்துக்கோ ஆடப் போனால் சந்தோஷமாக அனுப்புங்கள். ஆனால் அனுப்பும்போது, கால் ஒடிந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படிக் கேட்பதைத் தேசத்துரோகம் என்று ஒருவன் சொல்லுவானானால், அவன் தேசத்தின் பேரால் என்ன வியாபாரம் செய்கின்றான் என்று விசாரியுங்கள்.